வெயிலா, உப்பா, புழுக்கமா? ராமநாதபுரம் கடற்கரையில் பூச்சியுண்ணும் செடிகளின் கோடைக் கருகல்

சித்திரை பிறந்து பத்து நாள் ஆகியிருக்காது. பூச்சியைக் கவ்விப் பிடிக்கிற ஃப்ளைட்ராப்பின் வாய்கள் கருக்கும். நெட்டுக்குழல் இலைக்குள் பூச்சியை விழவைக்கிற சாரசீனியாவின் குழல்கள் மேலிருந்து காய்ந்து வரும். பசையால் பூச்சியை ஒட்டிப் பிடிக்கிற டிரோசிராவில் பசைத்துளி ஒன்றுகூட இருக்காது. குடுவையில் பூச்சி பிடிக்கிற கொடியான நெப்பந்தஸ் புதுக் குடுவை விடுவதை நிறுத்திக்கொள்ளும். மொட்டை மாடியில் இவற்றை வளர்க்கிறவர்கள் அடுத்துச் செய்வது பெரும்பாலும் ஒரே காரியம்தான்: சட்டியைத் தூக்கி நிழலில் வைப்பார்கள். அங்கே போயும் பாதிச் செடிகள் தேறுவதில்லை. நோய் ஒன்று, வைத்தியம் வேறொன்று என்றால் எப்படித் தேறும்?

நம் கடற்கரையில் பகல் வெயில் அவ்வளவு பொல்லாதது இல்லை. பரமக்குடியும் மதுரையும் 40 டிகிரியைத் தொடுகிற அக்னி நட்சத்திர நாளிலும் பாம்பனில் பெரும்பாலும் 33, 34 டிகிரிதான். கடல்காற்று அதற்குமேல் ஏறவிடாது. ஃப்ளைட்ராப்பின் சொந்த மண் அமெரிக்காவின் வட கரோலினா, தென் கரோலினா கடலோரச் சமவெளி. அங்கேயும் ஜூலை மாதப் பகல் ஏறக்குறைய 32 டிகிரி இருக்கும். பகலை வைத்துப் பார்த்தால் பெரிய வித்தியாசம் இல்லை. நம்மிடம் கூடுதலாக இருப்பவை தண்ணீரில் உப்பு, காற்றில் உப்பு, இரவிலும் இறங்காத சூடு. வெயில்மேல் போடப்படும் பழியில் பெரும்பகுதி இந்த மூன்றுக்கும் சேர வேண்டியது.

இன்னொன்றையும் கணக்கில் எடுக்க வேண்டும். தென்மேற்குப் பருவம் வந்துவிட்டால் கன்னியாகுமரி, தென்காசிக்காரர்களுக்குக் கோடை முடிந்தது. நமக்கு அந்தப் பருவம் மழை தருவதில்லை, தென்மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்றை மட்டும் அனுப்பிவைக்கும். ஆகவே ராமநாதபுரத்துச் செடிக்குக் கோடை என்பது சித்திரை முதல் புரட்டாசி வரை. அதற்குள் சேதம் மூன்று தவணையாக வரும்: சித்திரை, வைகாசியில் நேர்வெயிலும், சட்டிக்கு அடியில் தண்ணீர் வைக்கிற ட்ரேயில் சேரும் உப்பும், ஆனி, ஆடியில் உப்புக்காற்று, ஆவணி, புரட்டாசியில் காற்று ஓய்ந்த புழுக்கமும் அழுகலும். எந்த மாதத்தில் கருகியது என்று கேட்டாலே சந்தேகப்பட வேண்டிய ஆள் பாதிக்குமேல் தெரிந்துவிடும்.

நிறத்தை விடுங்கள், இடத்தைப் பாருங்கள்

பழுப்பு, கறுப்பு, மஞ்சள் என்று நிறத்தை வைத்து ஒன்றும் முடிவு செய்ய முடியாது. எல்லாக் காரணமும் கடைசியில் பழுப்பில்தான் முடியும். கேட்க வேண்டிய கேள்விகள் வேறு. கருகியது முற்றிய இலையா, குருத்தா? இலையின் நுனியா, ஓரமா, நடுப்பரப்பா? செடி முழுக்கவா, ஒரு பக்கம் மட்டுமா? ஒரே நாளில் வந்ததா, வாரக்கணக்கில் ஊர்ந்து வந்ததா?

பார்ப்பதற்குச் சரியான நேரம் விடிகாலை ஆறு மணி. பகல் இரண்டு மணிக்குத் துவண்டிருக்கிற சாரசீனியா காலையில் நிமிர்ந்து நின்றால், வேர் நன்றாக இருக்கிறது, பகலில் இலை விடுகிற ஈரத்துக்கு வேரால் ஈடுகொடுக்க முடியவில்லை என்று பொருள். அதில் அவசரம் ஒன்றும் இல்லை. விடியற்காலையிலும் துவண்டே கிடந்தால் வேரில் கோளாறு. அன்றைக்கே சட்டியைக் கவிழ்த்துப் பார்த்துவிட வேண்டும்.

முதலில் குருத்து. ஃப்ளைட்ராப்பின் இலைகளை விரலால் மெல்ல ஒதுக்கினால், நடுவில் சுருண்ட இளம் இலை ஒன்று தலைகுனிந்து நிற்கும். இன்னும் திறக்காத அதன் வாயின் ஓரத்துப் பற்கள் உள்பக்கம் மடங்கி, ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும். பத்துப் பெருக்க லென்ஸில் அது வெளிர்பச்சையாக, ஈரப் பளபளப்போடு தெரிந்தால் சுற்றி எத்தனை இலை கருகியிருந்தாலும் செடி பிழைக்கும். குருத்து பழுப்பாகி, தொட்டால் கையோடு வந்துவிட்டால் விஷயம் பெரிது. நெப்பந்தஸில் கொடியின் உச்சியையும், டிரோசிராவில் ரோஜா இதழ்போல் விரிந்த இலைவட்டத்தின் மையத்தையும் இப்படியே பாருங்கள்.

சேதமே இல்லாததைச் சேதம் என்று நினைத்துக் கவலைப்படுவதும் நடக்கிறது. ஃப்ளைட்ராப்பின் ஒரு வாய் நான்கைந்து முறை மூடித் திறந்தபின் கறுத்து உதிர்வது அதன் ஆயுள் கணக்கு. கீழ்வட்டத்தில் மாதம் இரண்டு இலை போனால் போகட்டும். வாயின் உள்பக்கம் இரத்தச் சிவப்பாக மாறுவதும், டிரோசிரா முழுக்கச் சிவப்பதும் நல்ல வெளிச்சம் கிடைக்கிறது என்பதற்கு அடையாளம். நம் மாநிலத்துச் சொந்தச் செடிகளான டிரோசிரா பர்மானி, டிரோசிரா இண்டிகா இரண்டும் ஓராண்டுப் பயிர்கள். பூத்து விதை கட்டியதும் பங்குனி, சித்திரையில் காய்ந்துவிடும். எதற்காகவும் காய்வதில்லை, காலம் முடிந்துவிட்டது. அந்தச் சட்டியைக் கொட்டிவிடாதீர்கள். மேல்மண்ணில் விதை கிடக்கிறது, ஐப்பசி மழைக்கு முளைக்கும்.

கருவாடு காயப்போடுகிற இடத்துக்குப் பக்கத்தில் வீடு இருந்தால் இன்னொரு காட்சியும் காணலாம். சாரசீனியாக் குழலின் பாதி உயரத்தில் திடீரென்று ஒரு பழுப்புத் திட்டு வரும், அதற்கு மேலும் கீழும் பச்சை இருக்கும். குழலைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் திட்டு இருக்கிற உயரம் வரை ஈ நிரம்பியிருக்கும். அளவுக்குமேல் விழுந்த ஈக்கள் உள்ளேயே அழுகுகின்றன, குழலின் சுவர் வெந்துபோகிறது. வைத்தியம் தேவையில்லை. புதுக் குழல்களின் வாயில் கொஞ்சம் பஞ்சை அடைத்துவிட்டால் போதும்.

நேர்வெயில்

வெயில்பட்ட கருகலுக்கு ஒரு குணம் உண்டு. சூரியனைப் பார்த்த பக்கத்தில் மட்டும் இருக்கும். இலையின் நடுப்பரப்பு முதலில் வெளுத்து, பிறகு வைக்கோல் நிறமாகி, காகிதம்போல் உலரும். மேலே இன்னொரு இலை கிடந்த இடத்தில் அதன் நிழல் அப்படியே பச்சையாகப் பதிந்திருக்கும். வந்தால் ஒன்று முதல் மூன்று நாளுக்குள் வரும், அதற்குப் பிறகு பரவாது. அடுத்து வருகிற இலை அதே வெயிலில் பிறந்து வளர்வதால் ஒன்றும் ஆகாது. பரவிக்கொண்டே போகிறது என்றால் அது வெயில் இல்லை.

இது யாருக்கு வரும்? பெங்களூர் நர்சரியின் நிழல்குடிலிலிருந்து நான்கு நாள் கூரியர் பெட்டிக்குள் பயணம் செய்து வந்த செடியை நேரே மாடியில் வைத்தால் வரும். முதல் வாரம் காலை ஒன்பது மணி வரை வெயில், பிறகு மூன்று நாளுக்கு ஒருமுறை அரை மணி நேரம் கூட்டிக்கொண்டே போனால் ஒரு மாதத்தில் பழகிவிடும்.

இடம் மாற்றாத செடிக்கும் வரும் என்பதுதான் பலரையும் குழப்புகிறது. பாம்பன் ஏறக்குறைய 9.3 டிகிரி வட அட்சரேகையில் இருக்கிறது. சித்திரை முதல் தேதியை ஒட்டி நண்பகல் சூரியன் சரியாக நம் தலைக்கு மேல் வந்து, பிறகு வடக்கே போய்விடும். ஆகஸ்ட் கடைசியில்தான் மறுபடி தலைக்குமேல் வந்து தெற்கே திரும்பும். நடுவில் நான்கரை மாதம் நடுப்பகல் வெயில் வடக்குப் பக்கமிருந்து விழுகிறது. தை, மாசி முழுக்கக் கைப்பிடிச் சுவரின் வடபக்க நிழலில் சுகமாக இருந்த நெப்பந்தஸுக்கு, நீங்கள் சட்டியைத் தொடாமலே, சித்திரை பாதியில் உச்சிவெயில் கிடைக்க ஆரம்பிக்கும். அந்தச் செடியைச் சுவரின் தென்பக்கத்துக்கு மாற்றுங்கள்.

நிழல்வலை கட்டுவதாக இருந்தால் ஐம்பது சதவீத வலை நெப்பந்தஸுக்குச் சரி. சாரசீனியா, ஃப்ளைட்ராப்புக்கு அது அதிகம். அவற்றுக்கு முப்பது சதவீதம், அதுவும் பதினொன்றிலிருந்து மூன்று மணி வரை போதும். வலை செடியின் தலைக்குமேல் இரண்டு அடியாவது உயரத்தில் இருக்க வேண்டும். தாழ்வாகக் கட்டினால் சூடான காற்று அடியிலேயே தங்கிவிடும்.

தண்ணீர் வழியாக வரும் உப்பு

இந்தக் கடற்கரையில் அதிகச் செடிகளைக் கொல்வது இதுதான். சந்தடி இல்லாமல் கொல்வதால் கடைசி வரை யாரும் சந்தேகப்படுவதில்லை.

அடையாளங்கள் மெல்ல வரும். நெப்பந்தஸில் முற்றிய இலைகளின் நுனி கறுத்து, கருப்புக்கும் பச்சைக்கும் நடுவே மெல்லிய மஞ்சள் கோடு நிற்கும். இலை நுனியிலிருந்து நீளும் இழையின் முனையில் குடுவை மொட்டு உளுந்து அளவுக்கு வந்து அப்படியே காயும். டிரோசிரா உயிரோடு இருக்கும், பசை மட்டும் இருக்காது. ஃப்ளைட்ராப்பில் ஒவ்வொரு புது இலையும் முந்தையதைவிடச் சிறுத்து வரும். சட்டியின் விளிம்பிலும் மேல்மண்ணிலும் வெள்ளையும் பழுப்புமாக உப்புப் பூத்திருக்கும். இது எந்தப் பக்கமும் பார்க்காது, செடி முழுக்கச் சமமாக வரும். வெயில்கருகலிலிருந்து பிரித்துச் சொல்ல அது ஒன்றே போதும்.

இந்தச் செடிகளுக்கு ஏன் உப்பு ஆகாது? சத்தில்லாத அமிலச் சதுப்பில் பிறந்தவை. மழைத்தண்ணீர் மட்டுமே குடித்துப் பழகிய வேர்கள். மண்ணில் கிடைக்காததைப் பூச்சியிலிருந்து எடுத்துக்கொள்வதற்குத்தான் இத்தனை ஏற்பாடும். வேரைச் சுற்றி உப்பு ஏறினால், தண்ணீர் இருந்தும் அதை உள்ளே இழுக்க முடியாது. ட்ரே நிறையத் தண்ணீர் வைத்துக்கொண்டு செடி தாகத்தில் சாகும்.

அளவு தெரியாமல் இதில் பேசிப் பயனில்லை. தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கிற டிடிஎஸ் மீட்டர் ஒன்று வாங்கிவிடுங்கள். ஃப்ளைட்ராப், சாரசீனியா, டிரோசிராவுக்கு ஊற்றும் தண்ணீர் 50 பிபிஎம்முக்குள் இருக்க வேண்டும். நெப்பந்தஸ் 100, 150 வரை பொறுத்துக்கொள்ளும். வெயிலில் சுட்ட ட்ரே தண்ணீரை அப்படியே அளக்காதீர்கள். சூட்டில் மின்கடத்தல் கூடுவதால் மலிவான மீட்டர்கள் அதிகம் காட்டும். ஒரு டம்ளரில் எடுத்து ஆறவிட்டு அளக்க வேண்டும்.

இப்போது ஒரு கணக்கு. ஐந்து லிட்டர் பிடிக்கிற ட்ரே. 50 பிபிஎம் தண்ணீர், அதாவது லிட்டருக்கு 50 மில்லிகிராம் உப்பு. கோடையில் தினமும் ஒரு லிட்டர் ஆவியாகிறது, நீங்களும் தினமும் ஒரு லிட்டர் ஊற்றி நிரப்புகிறீர்கள். ஆவியாவது தண்ணீர் மட்டும்தான், உப்பு ட்ரேயிலேயே தங்குகிறது. அறுபது நாளில் 3,000 மில்லிகிராம் சேர்ந்து, முதலில் இருந்த 250-ஐயும் கூட்டினால் 3,250. அதை ஐந்து லிட்டரால் வகுத்தால் 650 பிபிஎம். நல்ல தண்ணீர் என்று நம்பி ஊற்றிய தண்ணீர்தான் வைகாசிக் கடைசியில் இந்த நிலைக்கு வருகிறது. அதனால் கோடையில் பத்து நாளுக்கு ஒருமுறை ட்ரேயை முழுக்கக் கொட்டிக் கழுவி, புதுத் தண்ணீர் வைக்க வேண்டும். மேலே மேலே நிரப்பிக்கொண்டே போகக் கூடாது.

சட்டிக்குள் என்ன இருக்கிறது என்பதற்கு ட்ரே அளவு போதாது. சட்டியை ட்ரேயிலிருந்து தூக்கி அரை மணி நேரம் வடியவிடுங்கள். பிறகு மேலிருந்து 150 மில்லி வாலைநீரை (காய்ச்சி வடித்த தண்ணீர்) சுற்றிலும் மெதுவாக ஊற்றி, அடியில் முதலில் சொட்டுவதைப் பிடித்து அளக்க வேண்டும். 100-க்குள் இருந்தால் நிம்மதி. 150-ஐத் தாண்டினால் கழுவ வேண்டும். 300-க்கு மேல் போனால் சட்டிக்குள் நிரப்பியிருக்கிற கலவையையே மாற்றிவிடுவது நல்லது.

கழுவுவது எளிது. சட்டியின் கொள்ளளவைப்போல் மூன்று மடங்கு சுத்தத் தண்ணீர் வேண்டும். 12 செ.மீ. சட்டி ஏறக்குறைய ஒரு லிட்டர் பிடிக்கும், ஆக மூன்று லிட்டர். ஒரேயடியாக ஊற்றினால் ஓரமாக வழிந்து ஓடிவிடும். லிட்டர் லிட்டராக, நடுவில் கால் மணி நேரம் விட்டு ஊற்றினால்தான் கலவைக்குள் ஒட்டியிருக்கிற உப்பு கரைந்து இறங்கும்.

சரி, தண்ணீர் எங்கே? கிணறும் போரும் பேச்சுக்கே இல்லை. காவிரிக் கூட்டுக் குடிநீர் நம் நாக்குக்கு இனிக்கும், இந்தச் செடிகளுக்குப் பல மடங்கு அதிக உப்பு. ஆர்.ஓ. தண்ணீர் என்றதும் எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு நம்புகிறார்கள். போர் தண்ணீர் 2,500 பிபிஎம் இருக்கிற தெருவில், உப்பில் 95 சதவீதத்தைத் தடுக்கிற நல்ல மெம்பரேன் (வடிகட்டும் சவ்வு) போட்டாலும் வெளியே வருவது 125. அதற்குமேல் வீட்டு இயந்திரங்களில் ருசிக்காக மினரல் கேட்ரிட்ஜோ டிடிஎஸ் கன்ட்ரோலரோ வைத்திருப்பார்கள். கேன் தண்ணீரிலும் இதே கதைதான். மெம்பரேன் தாண்டியவுடன் ஒரு ‘T’ வடிவ இணைப்புப் போட்டுக் குழாய் எடுக்க முடிந்தால் எடுங்கள். முடியாவிட்டால் அளந்து பார்த்து, வாலைநீர் கலந்து 50-க்குள் இறக்குங்கள். பேட்டரிக்கு ஊற்றும் வாலைநீர் ஐந்து லிட்டர் கேனில் கிடைக்கிறது. மீட்டரில் 5-க்குள் காட்ட வேண்டும்.

ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீர் பெரும்பாலும் நல்லதுதான். ஏசி சர்வீஸ் செய்தபின் மூன்று நாள் அதைப் பிடிக்காதீர்கள், கழுவிய மருந்து அதில் வரும்.

உண்மையான தீர்வு ஐப்பசி, கார்த்திகை மழையைப் பிடித்து வைப்பதுதான். 40-க்கு 60 செ.மீ. ட்ரேயில் நாளைக்கு 6 மில்லிமீட்டர் ஆவியானால் ஏறக்குறைய ஒன்றரை லிட்டர். மாசியிலிருந்து புரட்டாசி வரை 240 நாளுக்கு 360 லிட்டர். ஒரு ட்ரேக்கு 200 லிட்டர் டிரம் இரண்டு. ஆறு சதுர மீட்டர் தார்ப்பாயில் 10 மில்லிமீட்டர் மழைக்கு 60 லிட்டர் கிடைக்கும், இரண்டு நல்ல மழையில் டிரம்கள் நிரம்பிவிடும். மாடித் தளத்தில் ஓடிவருகிற தண்ணீர் வேண்டாம். சுண்ணாம்பும் சிமென்டும் கரைந்து வரும். முதல் கால் மணி நேர மழையையும் விட்டுவிடுங்கள், தார்ப்பாயில் படிந்த கடலுப்பு அதோடு போய்விடும். புயல் சமயத்து மழையை அளக்காமல் டிரம்மில் சேர்க்கக் கூடாது. டிரம் கறுப்பாக, மூடியோடு இருந்தால் பாசியும் கொசுவும் வராது.

கலவை வழியாகவும் உப்பு நுழைகிறது. இங்கே சுலபமாகக் கிடைப்பது தேங்காய் நார்த்தூளான கோகோபீட். உப்புத் தண்ணீரில் ஊறவைத்த மட்டையிலிருந்து வந்திருந்தால் அதில் சோடியமும் பொட்டாசியமும் தாராளமாக இருக்கும். நல்ல தண்ணீரில் ஒரு நாள் ஊறவைத்துப் பிழிந்து, பிழிந்த தண்ணீர் 50-க்குள் வரும் வரை திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். நான்கைந்து முறை ஆகும். பீட் மாஸோ (மட்கிய சதுப்புப் பாசி) ஸ்பேக்னம் என்கிற சதுப்புப் பாசியோ கிடைத்தால் அந்தத் தொல்லையே வேண்டாம். மணல் கலக்கிறவர்கள் ஒரு கைப்பிடி மணலில் வினிகர் ஊற்றிப் பாருங்கள். நுரைத்தால் அதில் சிப்பித்தூள் இருக்கிறது, அதாவது சுண்ணாம்பு. எத்தனை கழுவினாலும் போகாது. கடற்கரை மணல் அனேகமாக நுரைக்கும்.

காற்று வழியாக வரும் உப்பு

ஆனி பிறந்து கச்சான் வீச ஆரம்பித்தால் மன்னார் வளைகுடாப் பக்கம், அதாவது கீழக்கரை, ஏர்வாடி, மண்டபத்தின் தென்கரை, பாம்பன் தீவு முழுவதும் இது வரும். பாக் விரிகுடாப் பக்கம் தேவிபட்டினம், தொண்டியில் அதே காற்று தரை கடந்து வருவதால் உப்பு குறைவு, புழுதி அதிகம். அந்தப் பக்கத்துக்காரர்களுக்கு உப்பு வருவது வாடைக்காற்றில்.

அடையாளம் தெளிவானது. செடியின் தென்மேற்குப் பக்கத்து இலைகள் மட்டும் ஓரத்திலிருந்து உள்நோக்கிப் பழுப்பாகும். அந்தப் பக்கம் ஜன்னல் கம்பி துருப்பிடிக்கிற உயரத்தில் இருக்கிற செடிகளுக்கு அதிகமாகவும், தரையில் சுவரோரம் இருப்பவற்றுக்குக் குறைவாகவும் இருக்கும். சந்தேகம் இருந்தால் ஒரு சோதனை: கருகாத ஒரு நெப்பந்தஸ் இலையை 50 மில்லி வாலைநீரில் அலசி, அந்தத் தண்ணீரை அளந்து பாருங்கள். காற்றுப் பக்கத்து இலைக்கும் மறைவுப் பக்கத்து இலைக்கும் எண் பல மடங்கு வேறுபட்டால் கேள்விக்கே இடமில்லை.

இதற்கு வைத்தியம், மாலை வெயில் இறங்கியபின் சுத்தத் தண்ணீரை ஸ்பிரேயரில் போட்டு இலைகளை வழிய வழியக் கழுவுவது. மெல்லிய பனிபோல் அடித்தால் உப்பு கரைந்து இலையிலேயே மறுபடி காயும், கழுவி ஓட வேண்டும். கழுவிய தண்ணீர் ட்ரேயில் விழாதபடி சட்டியைத் தள்ளி வையுங்கள். டிரோசிராவின் பசையும் கழுவலில் போகும். போகட்டும், ஓரிரு நாளில் ஊறிவிடும். தென்மேற்கில் ஐம்பது சதவீத வலையை நெட்டுக்குத்தாகக் கட்டினால் காற்றின் வேகமும் உப்பும் குறையும். தகரமோ பாலிதீன் தாளோ கட்டி மொத்தமாக அடைத்துவிட்டால் அடுத்த தவணையை நீங்களே வரவழைக்கிறீர்கள்.

வேர்ச்சூடும் புழுக்கமும்

கறுப்புச் சட்டி, ஆழமில்லாத கறுப்பு ட்ரே, சிமென்ட் தளம். மூன்றும் சேர்ந்தால் காற்று 34 டிகிரியாக இருக்கிற மதியத்தில் சட்டிக்குள் எவ்வளவு என்று சமையல் தெர்மாமீட்டரைக் குத்திப் பாருங்கள். 40-ஐத் தாண்டியிருந்தால் வேர் வெந்துகொண்டிருக்கிறது. மேற்கு வெயில்பட்ட பக்கத்து வேர்கள் மட்டும் போயிருப்பது இதன் தடயம். வெள்ளைச் சட்டி, அதைத் தெர்மாகோல் பெட்டிக்குள் இறக்கிவைப்பது, பெட்டியை மரப்பலகையிலோ செங்கல்லிலோ ஏற்றித் தளத்திலிருந்து நகர்த்துவது, இவையே போதும். சட்டி பெரிதாக இருக்க இருக்கச் சூடு ஏறுவது மெதுவாகும். 8 செ.மீ. சட்டி இந்த ஊர் மாடிக்கு உதவாது. ஐஸ்கட்டி போடுவதாகச் சிலர் சொல்கிறார்கள். ட்ரேயில் போடலாம், குருத்தின்மேல் வேண்டாம்.

வேரைப் பார்க்கும்போது ஓர் எச்சரிக்கை. ஃப்ளைட்ராப்புக்கும் டிரோசிராவுக்கும் ஆரோக்கியமான வேரே கறுப்பாகத்தான் இருக்கும். நிறத்தைப் பார்த்து அழுகல் என்று வெட்டித் தள்ளாதீர்கள். விறைப்பாக இருக்கிறதா, நுனி வெள்ளையாக இருக்கிறதா, மோந்தால் மண்வாசனையா சாக்கடை வாடையா என்று பாருங்கள். அழுகிய வேர் இழுத்தால் தோல் தனியே கழன்று, நடுவில் நூல்போல ஒரு நரம்பு மட்டும் மிஞ்சும்.

ஆவணியில் காற்று விழுந்தபின் வருகிற அழுகல் வேகமானது. நேற்றுவரை நன்றாக இருந்த செடி இன்று அடியோடு சாய்ந்து கிடக்கும். தரைமட்டத்தில் வெள்ளைப் பூஞ்சை இழையும், அதில் கடுகு அளவில் பழுப்பு உருண்டைகளும் தெரிந்தால், நிலக்கடலை விவசாயிகளுக்கு நன்றாகத் தெரிந்த அதே தண்டழுகல் பூஞ்சைதான். அந்தக் கடுகுகள் மண்ணில் வருடக்கணக்கில் உயிரோடு இருக்கும். செடியையும் கலவையையும் மூட்டையாகக் கட்டிக் குப்பைக்கு அனுப்புங்கள். சட்டியை பிளீச்சிங் பவுடர் தண்ணீரில் ஊறவைத்துக் கழுவுங்கள். அந்த ட்ரேயில் இருந்த மற்றச் சட்டிகளைத் தனித்தனியாகப் பிரித்துவிடுங்கள். இந்த மாதங்களில் ட்ரேயில் ஒரு செ.மீ. தண்ணீருக்குமேல் வேண்டாம். நெப்பந்தஸுக்கு ட்ரே தண்ணீரே வேண்டாம், மேலே ஊற்றி வடியவிட்டால் போதும்.

பூச்சிகளைப் பற்றிச் சுருக்கமாக. வெயிலில் சிவப்புச் சிலந்திப்பேன் வரும்: இலை முழுக்க ஊசி குத்தினதுபோல் வெளிர்ப்புள்ளி, அடியில் மெல்லிய வலை. வெள்ளைத் தாளில் இலையைத் தட்டி, விழுகிற புள்ளிகள் நகர்கின்றனவா என்று பாருங்கள். குருத்து முறுக்கிக்கொண்டு வந்தால் அசுவினி அல்லது இலைப்பேன். ஃப்ளைட்ராப்பை அசுவினியோடு சேர்த்துச் சட்டியோடு ஒரு முழு நாள் சுத்தத் தண்ணீரில் மூழ்கடித்து வைக்கலாம், செடிக்கு ஒன்றும் ஆகாது. வேப்பெண்ணெய், சோப்புக் கரைசல் எதையும் டிரோசிராவில் அடிக்காதீர்கள். கந்தகத் தூள் 32 டிகிரிக்குமேல் இலையைப் பொசுக்கும், ஆகவே நம் கோடையில் அதை மறந்துவிடலாம்.

காரணம் மார்கழியில் இருக்கலாம்

எல்லாம் பார்த்தாயிற்று. தண்ணீர் 20 பிபிஎம், வேர் விறைப்பு, பூச்சி இல்லை, வெயில் பழகிய வெயில். ஆனாலும் ஃப்ளைட்ராப் நாளுக்கு நாள் சிறுத்து, இலைக்காம்பு அகன்று, வாய் சுண்டுவிரல் நகத்தைவிடச் சின்னதாகிக்கொண்டே வருகிறது. இது இராச்சூடு. அதன் சொந்த ஊரில் ஜூலை இரவு 23 டிகிரிக்கு இறங்கும், நமக்கு மே மாதத்தில் 27, 28-க்குக் கீழே போகாது. பகலில் சேர்த்த சர்க்கரையைச் செடி இரவு முழுக்க மூச்சுவிட்டே தீர்த்துவிடுகிறது. அங்கே கோடையில் பகல் பதினான்கு மணி நேரத்துக்குமேல், இங்கே பன்னிரண்டரையைச் சற்றுத் தாண்டும். வரவு குறைவு, செலவு அதிகம்.

இதைத் தாங்கக் கிழங்கில் இருப்பு வேண்டும். அந்த இருப்பைக் காப்பது மூன்று மாதக் குளிர்கால உறக்கம். பாம்பனில் மார்கழிக் குளிர் அதற்குப் போதாது. ஆகவே கார்த்திகைக் கடைசியில் செடியைப் பிடுங்கி, வேரைக் கழுவி, பிழிந்த ஈர ஸ்பேக்னத்தில் சுற்றி, ஜிப் கவரில் போட்டு ஃபிரிட்ஜின் காய்கறித் தட்டில், 4 முதல் 7 டிகிரியில், பத்துப் பன்னிரண்டு வாரம் வைக்க வேண்டும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பூஞ்சை பிடித்திருக்கிறதா என்று திறந்து பார்க்க வேண்டும். இதைச் செய்யாத செடி முதல் கோடையைக் கடந்துவிடும், இரண்டாவதில் தள்ளாடும், மூன்றாவதில் போய்விடும். போகும்போது பழி வெயில்மேல்தான். சாரசீனியா பகல்சூட்டை ஃப்ளைட்ராப்பைவிட நன்றாகத் தாங்கும். அதன் சில இனங்கள் வெப்பமான மெக்சிகோ வளைகுடாக் கரையில் வளர்பவை. ஆனால் உறக்கம் அதற்கும் வேண்டும்.

என்னைக் கேட்டால், இந்தக் கடற்கரையில் புதிதாகத் தொடங்குகிறவர் ஃப்ளைட்ராப்பிலிருந்து தொடங்கவே கூடாது. நெப்பந்தஸ் வென்ட்ராட்டா, நெப்பந்தஸ் மிராபிலிஸ், டிரோசிரா பர்மானி, வட ஆஸ்திரேலியாவின் சூட்டில் வளர்கிற பெட்டியோலாரிஸ் வகை டிரோசிராக்கள் ஆகியவை இந்த இரவுகளை ஒரு பொருட்டாக மதிப்பதில்லை. குளிர்ந்த மலைகளில் வளர்கிற மலைநாட்டு நெப்பந்தஸ்களையும் ஹீலியாம்போராவையும் படத்தில் பார்த்து ரசிப்பதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

கண்டுபிடித்தபின்

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். நிழல், கழுவல், புதுச் சட்டி, மருந்து எல்லாவற்றையும் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் செய்தால் எது பலித்தது என்று தெரியாது. கருகிய இலை மறுபடி பச்சையாகாது, அதைப் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். அடுத்த குருத்துதான் சாட்சி. ஃப்ளைட்ராப்பில் இரண்டு மூன்று வாரத்தில் தெரியும், நெப்பந்தஸுக்கு மாதம் ஒன்றரை ஆகும். பாதி பச்சையாக இருக்கிற இலையை வெட்ட வேண்டாம், அந்தப் பாதிதான் செடிக்குச் சோறு போடுகிறது. உரமும் பூச்சித் தீனியும் அதுவரை நிறுத்தம். உப்போ அழுகலோ இல்லாமல் கோடையில் சட்டி மாற்றக் கூடாது. மாற்றியே ஆக வேண்டும் என்றால் மாலையில் மாற்றி, பத்து நாள் நிழலில் வையுங்கள்.

மேலே எல்லாம் போய்விட்ட ஃப்ளைட்ராப், சாரசீனியாவை உடனே தூக்கி எறிய வேண்டாம். கிழங்கை நகத்தால் லேசாகக் கீறிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாக, நறுக்கென்று இருந்தால் அழுகின பாகத்தைச் சுத்தமான பிளேடால் வெள்ளை தெரியும் வரை சீவி, புது ஸ்பேக்னத்தில் பாதி புதைத்து, வெளிச்சமான நிழலில், ட்ரே தண்ணீர் இல்லாமல் ஈரம் மட்டும் காத்து வையுங்கள். பழுப்பாகிக் குழைந்திருந்தால் காத்திருந்து பயனில்லை. சீவி வைத்தது ஆறு வாரத்தில் குருத்து காட்டும். எட்டு வாரத்துக்குப் பிறகும் ஒன்றும் வரவில்லை என்றால் கலவையைக் கொட்டிவிட்டு, சட்டியைக் கழுவி, மழை தொடங்கும் வரை கவிழ்த்து வைக்கலாம். புதுச் செடி வரவழைக்க ஐப்பசிதான் சரியான மாதம். கூரியரில் வந்த செடி வேர் பிடிக்க அடுத்த சித்திரைக்குள் ஆறு மாதம் கிடைக்கும்.